ஒருவர் ஏன் ‘நாம்’ என்கிறார்?

மோசே யூத வேதமான தோராவை எழுதிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு நாளின் படைப்பாக எழுதிக்கொண்டே வந்தவர், ஆறாம் நாளில் மனிதனைப் படைக்கும் இடத்துக்கு வந்ததும் கையை நிறுத்திவிட்டார். கடவுள் அங்கே தன்னைப் பன்மையில் சொல்லிக்கொள்கிறார். இதை அப்படியே எழுதினால், கடவுள் ஒன்றுக்கு மேல் உண்டு என்று வாதிடுகிறவர்களின் வாய்க்கு அவல் போட்டதாகாதா என்று மோசே கேட்டார். நீ எழுது, தப்பாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவன் புரிந்துகொண்டு போகட்டும் என்று பதில் வந்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் பாலஸ்தீனத்தில் தொகுக்கப்பட்ட ‘ஆதியாகம ரப்பா’ என்ற யூத விளக்க நூல் சொல்லும் கதை இது. கதையைச் சொன்ன ரபிகளுக்குச் சிக்கல் நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதை மூடி மறைக்க அவர்களுக்கு மனமில்லை.

கடவுள் ஒருவரே என்பதை உயிர்நாடியாகக் கொண்ட வேதங்களில்தான் இந்தப் பன்மை வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது வேடிக்கை. எபிரேய வேதாகமத்தில் இது நான்கே இடங்களில் வருகிறது. குர்ஆனிலோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மேடை விவாதங்களில் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவார்கள். ஒரு தரப்பு ‘திரித்துவம்’ என்னும், மறு தரப்பு ‘மரியாதைப் பன்மை’ என்னும், கைதட்டலோடு கூட்டம் கலையும். இரண்டு விடைகளுமே வசனங்களைப் போதுமான அளவு நெருங்கிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். இரண்டு வேதங்களிலும் பன்மை செய்யும் வேலை வேறு வேறு. பன்மை எந்த இடத்தில் ஒருமைக்குத் திரும்புகிறது என்று பார்த்தால் அந்த வேலை என்னவென்று பிடிபடும்.

முதலில் அந்த நான்கு இடங்கள். ஆதியாகமம் 1:26இல் மனிதனைத் தங்கள் சாயலில் உண்டாக்கும் யோசனை வருகிறது. 3:22இல், நன்மை தீமை அறிந்துவிட்ட மனிதன் நம்மில் ஒருவனைப் போல ஆகிவிட்டான் என்ற கவலை. 11:7இல் பாபேல் கோபுரத்தைக் கண்டு, இறங்கிப் போய் அவர்கள் மொழியைக் குழப்புவோம் என்ற முடிவு. நான்காவது ஏசாயா 6:8. அங்கே தேவாலயத்தில் தரிசனம் காணும் தீர்க்கதரிசி, யாரை அனுப்புவேன் என்று ஒருமையிலும், நமக்காக யார் போவான் என்று பன்மையிலும் அடுத்தடுத்துக் கேட்கும் குரலைக் கேட்கிறார்.

இவற்றை அடுத்துவரும் வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1:26 பன்மையில் யோசிக்கிறது. 1:27இல் படைக்கும் வினை சுத்தமான ஒருமை, சாயலும் ‘அவருடைய’ சாயல்தான். 3:22 பன்மையில் கவலைப்படுகிறது. 3:23இல் மனிதனை ஏதேனிலிருந்து வெளியே அனுப்புவது கர்த்தர் ஒருவரே. பாபேலிலும் அப்படித்தான், இறங்கிப் போவோம் என்று பன்மையில் பேசியவர் அடுத்த வசனத்தில் ஒருமையில் சிதறடிக்கிறார். பாபேல் கதையில் இன்னொரு நயமும் உண்டு. அதற்கு முன்னால் மனிதர்கள் இரண்டு முறை ஒருவரையொருவர் கூவி அழைக்கிறார்கள்: முதலில் செங்கல் அறுக்க, பிறகு கோபுரம் கட்ட. இரண்டு முறையும் ‘வாருங்கள்’ என்ற பொருளில் ‘ஹாவா’ என்ற சொல்லோடுதான் பேச்சு தொடங்குகிறது. கடவுளும் அதே ‘ஹாவா’வோடு தொடங்குகிறார். கீழே கூடிப் பேசியவர்களுக்கு மேலிருந்து அவர்கள் பாணியிலேயே பதில் போகிறது. எழுதியவருக்கு நையாண்டி கைவந்த கலை.

ஆக, எபிரேய வேதாகமத்தில் கடவுளின் ஆலோசனை பன்மையில் இருக்கிறது, செயல் ஒருமையில் இருக்கிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டின் ரபி யோகனான் இதைத்தான் விதியாகவே சொன்னார் என்கிறது ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத்: மாற்றுக் கருத்துக்காரர்கள் எந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறார்களோ, அதற்கான மறுப்பு அதன் பக்கத்திலேயே இருக்கும்.

இங்கே ஒரு குறுக்கு வழியை அடைத்துவிட்டு மேலே போகலாம். கடவுளைக் குறிக்கும் ‘எலோஹிம்’ என்ற எபிரேயச் சொல்லே பன்மை வடிவம்தானே, அதுவே பல ஆட்களைக் காட்டுகிறதே என்பார்கள். இது நிற்காது. பெலிஸ்தியர் தங்கள் தாகோனைச் சொல்லும்போதும், மோவாபியரின் காமோஸைச் சொல்லும்போதும் வேதாகமத்தில் வருவது இதே சொல்தான். தாகோனுக்குள் மூவர் இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். எகிப்தின் அமர்னாவில் 1887இல் கிடைத்த களிமண் கடிதங்கள் சிலவற்றில், கானான் நாட்டுச் சிற்றரசர்கள் ஒரே பார்வோனை ‘என் தெய்வங்களே’ என்று விளிக்கிறார்கள். எலோஹிமோடு வரும் வினையும், ஆதியாகமம் 20:13, 35:7 போன்ற சில விலக்குகள் போக, ஒருமைதான். பெயர் பன்மை, வினை ஒருமை. தமிழ் வேதாகமத்தில் இது தலைகீழாக இருக்கிறது: ‘தேவன்’ ஒருமை, ‘சிருஷ்டித்தார்’ பன்மையிலிருந்து வந்த ‘ஆர்’ ஈறு. ‘ஆர்’ விகுதியைக் கொண்டு தமிழ்க் கிறிஸ்தவர் யாரும் தேவனை எண்ணிப் பார்த்ததில்லை. ஒருவரைப் பன்மையால் சொல்வது உயர்வு கருதிய வழக்கு, இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியமே சொல்லதிகாரத்தில் பிரித்துக் காட்டிவிட்டது. கால்வின் போன்ற திரித்துவப் பற்றாளரே எலோஹிமை வைத்துத் திரித்துவத்தை நிறுவுவது வலுவற்ற வாதம் என்று ஒதுக்கினார்.

பெயர்ச்சொல்லை விட்டுவிடுவோம். கடவுள் வாய்திறந்து ‘நாம்’ என்னும்போது எதிரே இருப்பது யார்?

ரபிகள் இதற்கு ஒரே விடையோடு நின்றுவிடவில்லை. வானத்தையும் பூமியையும் கலந்தாலோசித்தார் என்றார் ஒருவர். அந்தந்த நாள் படைப்புகளைக் கேட்டார் என்றார் மற்றொருவர். தம் நெஞ்சோடு தாமே பேசிக்கொண்டார் என்றார் ரபி அம்மி. மிகவும் பரவியது தேவதூதர்களிடம் பேசினார் என்ற விளக்கம். அதற்கு ஆதியாகம ரப்பா கட்டும் காட்சி அலாதியானது. மனிதனைப் படைக்கலாமா என்ற கேள்வி வந்ததும் தூதர்கள் கட்சி கட்டிக்கொள்கிறார்கள். அன்பு, படைக்கலாம் என்கிறது. வாய்மை, வேண்டாம், அவன் முழுப்பொய் என்கிறது. நீதி, ஆம் என்கிறது. சமாதானம், அவன் சண்டைக்காரன் என்று மறுக்கிறது. கடவுள் வாய்மையைத் தூக்கிப் பூமியில் எறிகிறார். சபை இப்படி ரகளையில் இருக்கும்போதே, ஏன் வாதாடுகிறீர்கள், மனிதனைப் படைத்தாயிற்று என்று அறிவித்துவிடுகிறார். கலந்தாலோசனை நடந்தது, ஆனால் கேட்டு முடிவெடுக்கவில்லை. பன்மைக்கும் ஒருமைக்கும் இடையிலுள்ள அந்த ஒரு வரி இடைவெளியை இதைவிட நன்றாக நிரப்பியவர்கள் இல்லை.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ட்ருவாவில் வாழ்ந்த ராஷி இதிலிருந்து ஒரு பண்பாட்டுப் பாடம் எடுத்தார். பெரியவர் தமக்குக் கீழுள்ளவர்களையும் ஒரு வார்த்தை கேட்பதே முறை என்று காட்டத்தான் கடவுள் அப்படிப் பேசினாராம். வம்புக்காரர்களுக்கு இடம் கிடைக்கும் என்று தெரிந்தும் அந்தப் பாடத்துக்காகப் பன்மை அப்படியே விடப்பட்டதாம். 13ஆம் நூற்றாண்டின் நஹ்மனிதஸ் வேறு வழியில் போனார். முந்தின வசனங்களில் பூமியை நோக்கித்தானே கட்டளை பிறந்தது, இங்கேயும் பேச்சு பூமியோடுதான். உடலை அது தர, உயிரைக் கடவுள் தருகிறார் என்றார். அழகான விளக்கம்தான். ஆனால் 3:22க்கும் 11:7க்கும் இது உதவாது.

தல்மூத்தில் இன்னொரு செய்தி உண்டு. எகிப்தை ஆண்ட தாலமி மன்னனுக்காக எழுபத்திரண்டு மூப்பர்கள் தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, தனித்தனி அறைகளில் இருந்தும் எல்லோரும் ஒன்றுபோல இந்தப் பன்மைகளை ஒருமையாக மாற்றிவிட்டார்களாம். பல கடவுளரைத் தொழும் அரசனிடம் எதற்கு வம்பு என்ற எச்சரிக்கை. ஆனால் நம் கைக்கு வந்திருக்கும் கிரேக்கப் பெயர்ப்பான செப்துவஜிந்தில் 1:26 பன்மையில்தான் இருக்கிறது. மூப்பர்கள் மாற்றவில்லை. மாற்றியிருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்கள் பிற்கால ரபிகள்.

அவர்கள் ஏக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த ஏடுகளில் ‘யோவானின் இரகசிய நூல்’ ஒன்று. அதில் மனிதனைச் செய்வோம் வாருங்கள் என்று அழைப்பது உன்னதக் கடவுள் இல்லை. யால்தபவோத் என்ற மூடப் படைப்பாளி தன் கீழுள்ள அதிகாரிகளை அழைக்கிறான். மோசே பயந்தது வீணில்லை. இதற்கு முன்பே, ஏசுவின் காலத்தவரான அலெக்சாந்திரிய யூத அறிஞர் பிலோ, மனிதனிடம் மட்டும் நன்மையும் தீமையும் கலந்திருப்பதால் அந்தத் தீமைக்குக் கடவுள் பொறுப்பாகாதபடி உதவியாளர்களோடு படைத்தார் என்று எழுதினார். மாளும் உயிர்களைச் செய்யும் வேலையை இளைய தெய்வங்களிடம் விடும் பிளேட்டோவின் ‘திமேயுஸ்’ பிலோவின் கையருகே இருந்திருக்கிறது. பிலோவின் துணையாளர்களையும் நாக் ஹம்மாதியின் அதிகாரிகளையும் பிரிக்கும் தூரம் அதிகமில்லை.

கிறிஸ்தவர்கள் இந்தச் சர்ச்சையில் சீக்கிரமே நுழைந்தார்கள். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின், டிரிஃபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலில் எதிர்த்தரப்பு விளக்கங்களைப் பட்டியலிடுகிறார்: தனக்குத்தானே பேசிக்கொண்டார் என்கிறீர்கள், பூமியோடும் பூதங்களோடும் பேசினார் என்கிறீர்கள், தூதர்களோடு என்கிறீர்கள். ரபிகளின் விடைகள் அப்போதே புழக்கத்தில் இருந்தன என்பதற்கு இது நல்ல சாட்சி. ஜஸ்டின் பிடித்துக்கொள்வது 3:22ஐ. ‘நம்மில் ஒருவன்’ என்றால் குறைந்தது இருவர் வேண்டும்; தனக்குத்தானே பேசுகிறவன் தன்னில் ஒருவன் என்று சொல்ல மாட்டான். வாதம் கூர்மையானது. மரியாதைப் பன்மை என்ற விடை இன்றுவரை அந்த வசனத்தில் இடறி விழுகிறது. இரண்டாமவர் ஞானமாகிய குமாரன் என்றார் ஜஸ்டின். குமாரனும் ஆவியும் பிதாவின் இரு கைகள் என்றார் இரேனியுஸ். 351இல் சிர்மியத்தில் கூடிய ஆயர் மன்றம், 1:26இல் பிதா குமாரனோடு பேசவில்லை, தம்மோடு தாமே பேசிக்கொண்டார் என்று சொல்பவனுக்குச் சாபமே விதித்தது. இதில் ஒரு வேடிக்கை: குமாரன் பிதாவுக்கு முற்றிலும் சமம் என்பதை ஏற்கத் தயங்கியவர்களின் கை ஓங்கிய மன்றம் அது. ஒரே வசனத்தை, திரித்துவத்தை முழுதாக ஏற்றவர்களும் ஏற்கத் தயங்கியவர்களும் ஒரே உறுதியோடு தூக்கிப் பிடித்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் நிதானமாகப் படித்தவர் அகஸ்தீன். பாபேல் வசனத்தில் கடவுள் தூதர்களை நோக்கிப் பேசியிருக்கலாம் என்று ‘கடவுளின் நகரம்’ நூலில் அவர் ஒப்புக்கொள்கிறார். 1:26இல் மட்டும் அது ஆகாது. மனிதன் தூதரின் சாயலில் படைக்கப்பட்டான் என்று சொல்ல முடியாதே என்கிறார். எல்லாப் பன்மைக்கும் ஒரே பூட்டுச் சாவி தேடாதவர் என்ற அளவில் அவரை மெச்சலாம்.

1928இல் சிரியாவின் கடற்கரையில், ராஸ் ஷம்ரா அருகே, உழுதுகொண்டிருந்த ஒருவரின் ஏர் பழங்கல்லறை ஒன்றில் இடித்தது. அடுத்த ஆண்டு கிளாட் ஷேஃபர் தலைமையில் தொடங்கிய அகழாய்வில் உகரித் நகரமும் அதன் களிமண் பலகைகளும் வெளிவந்தன. எபிரேயத்துக்கு நெருங்கிய மொழியில் எழுதப்பட்ட அந்தக் கதைகளில் எல் என்ற முதிய தெய்வம் சபை கூட்டுகிறது. அதைச் சுற்றித் தெய்வப் புதல்வர்கள் அமர்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வேதாகமத்துக்குத் திரும்பினால், பழகிய பக்கங்களிலேயே அந்தச் சபை கண்ணில் படும். 82ஆம் சங்கீதத்தில் கடவுள் தெய்வங்களின் சபையில் எழுந்து நின்று தீர்ப்பளிக்கிறார். யோபுவின் தொடக்கத்தில் தேவபுத்திரர்கள் அவர் முன் வந்து நிற்கிறார்கள். 1 இராஜாக்கள் 22இல் மிகாயா காணும் தரிசனமோ கிட்டத்தட்ட ஒரு கூட்டக் குறிப்பு: கர்த்தர் சிங்காசனத்தில் இருக்கிறார், ஆகாபை யார் ஏமாற்றிப் போருக்கு அனுப்புவது என்று கேட்கிறார், ஒருவன் ஒன்று சொல்கிறான், மற்றவன் வேறு சொல்கிறான், கடைசியில் ஓர் ஆவி முன்வந்து பொறுப்பேற்கிறது. ஏசாயா 6இலும் இதே அமைப்பு. சிங்காசனம் இருக்கிறது, சுற்றிலும் சேராபீன்கள் நிற்கின்றன, யார் போவது என்ற கேள்வி எழுகிறது. அங்கே வரும் ‘நமக்காக’வுக்குத் துணையாட்கள் அறையிலேயே நிற்கிறார்கள்.

உபாகமம் 32:8 இதற்கு வலு சேர்க்கிறது. இன்றுள்ள எபிரேயப் பாடத்தில், உன்னதர் மக்களினங்களை இஸ்ரவேல் புத்திரரின் தொகைக்குத் தக்கபடி பிரித்தார் என்றிருக்கிறது. சாக்கடலருகே கும்ரானில் கிடைத்த பழைய சுருளிலோ, தேவபுத்திரரின் தொகைக்குத் தக்கபடி என்றிருக்கிறது. செப்துவஜிந்தும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சபையின் நினைவைப் பின்னாளில் யாரோ துடைத்திருக்கிறார்கள். நான்கு பன்மை வசனங்களும் துடைப்பத்துக்குத் தப்பியவை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் சபை என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. மெசபடோமியாவின் ‘அத்ரஹாசிஸ்’ கதையில் சபை உண்மையிலேயே வேலை செய்கிறது. வேலைப் பளு தாங்காமல் சிறு தெய்வங்கள் கலகம் செய்கின்றன, சபை கூடுகிறது, ஒரு தெய்வத்தைக் கொன்று அதன் இரத்தத்தில் களிமண் பிசைந்து மனிதனைச் செய்கிறார்கள். ஆதியாகமம் இந்தச் சபையை வைத்துக்கொள்கிறது, வேலையைப் பறித்துவிடுகிறது. பேச்சு அவர்கள் காதில் விழுகிறது. அவர்கள் வாயைத் திறப்பதில்லை, கையை அசைப்பதில்லை. பலரின் சபையைச் சுமந்து வந்த ஒரு மரபு, அதை விட்டுவிடாமல் ஒருவருக்குள் அடக்கப் பார்த்த தடம் அந்த வினை மாற்றத்தில்தான் தெரிகிறது.

மரியாதைப் பன்மைக்கு வருவோம். அரசன் ‘நாம்’ என்பதுபோலக் கடவுளும் சொன்னார் என்ற விளக்கத்தை எபிரேயத்துக்குப் பொருத்தப் பார்த்தவர்களில் முதன்மையானவர் 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த சாதியா காவோன். மோவாப் அரசன் பாலாக்கின் பேச்சிலும் தானியேலின் பேச்சிலும் அதற்கு எடுத்துக்காட்டு தேடினார். இரு நூற்றாண்டு கழித்து ஸ்பெயினின் இப்னு எஸ்ரா அவற்றை ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டார். பேசுபவர் தன்னைப் பன்மையில் உயர்த்திக்கொள்ளும் வழக்கம் எபிரேயத்தில் இல்லை என்று 1923இல் வெளிவந்த பால் ஜூவோனின் இலக்கணமும் எழுதிவிட்டது. வேதாகமத்தின் பார்வோன் ‘நான்’ என்கிறான். நேபுகாத்நேச்சார் ‘நான்’ என்கிறான். 1868இல் கிடைத்த மோவாபியக் கல்வெட்டில் மேசா அரசன் தன் வெற்றிகளை ‘நான்’, ‘நான்’ என்றே அடுக்குகிறான். வேதாகமத்தில் அரசப் பன்மைக்கு அருகில் வருவது எஸ்றா 4:18இல் பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் அரமேயக் கடிதம்: நீங்கள் எமக்கு அனுப்பியது என்முன் வாசிக்கப்பட்டது என்று பன்மையும் ஒருமையும் ஒரே மூச்சில் வருகின்றன. அலெக்சாந்தருக்குப் பின்வந்த கிரேக்க மன்னர்களின் கடிதங்களில் அரச ‘நாம்’ சாதாரணமாகிவிடுகிறது. ஆதியாகமத்துக்கு அது காலம் கடந்து வந்த சரக்கு.

நமக்கு அந்த வழக்கு அந்நியமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் முதல் கல்வெட்டில், தன் 26ஆம் ஆட்சியாண்டில் ராசராசன் இட்ட ஆணையில், தான் கொடுத்தவற்றையும் அக்கன் கொடுத்தவற்றையும் பெண்டுகள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லும்போது, தன்னைக் குறிக்கும் சொல் ‘நாம்’. புராணப் படத்தில் சிவபெருமான் ‘யாம்’ என்று தொடங்கினால் கொட்டகையில் யாரும் ஆள் எண்ணுவதில்லை. தமிழர் பலருக்கு மரியாதைப் பன்மை விளக்கம் சட்டென்று ஒட்டிக்கொள்வது இதனால்தான். தன் மொழியில் இயல்பாக இருப்பதைப் பிற மொழியிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் உள்ள ஆபத்து.

குர்ஆனில் நிலைமையே வேறு. அங்கே கடவுள் யாரையும் ‘வாருங்கள் செய்வோம்’ என்று அழைப்பதில்லை. நாம் படைத்தோம், நாம் இறக்கினோம், நாம் அழித்தோம் என்று முடிந்த செயலைச் சொல்கிறார். செயலில் யாரும் பங்கு கேட்டு உள்ளே வர இடமில்லை. இந்தப் பன்மை அன்றே கேள்விக்குள்ளானது. 631 வாக்கில் நஜ்ரானின் கிறிஸ்தவர்கள் அறுபது பேர் மதீனாவுக்கு வந்து நபியோடு வாதிட்டதை இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு பதிந்திருக்கிறது. கடவுள் ஒருவர் என்றால் நான் செய்தேன், நான் படைத்தேன் என்றல்லவா சொல்லியிருப்பார், நாம் என்கிறாரே என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அந்தச் சந்தர்ப்பத்தில் வந்தவை என்பது மரபு. தெளிவான வசனங்களை விட்டுவிட்டு, பல பொருளுக்கு இடந்தரும் வசனங்களைக் குழப்பத்துக்காகத் துரத்துபவர்களை அங்கே 3:7 கண்டிக்கிறது.

அந்தத் தெளிவு எங்கே இருக்கிறது என்று தேடினால் மீண்டும் ஒருமைக்கு மாறும் இடத்தில்தான் போய் நிற்போம். 21:25ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உமக்கு முன் எந்தத் தூதரை ‘நாம்’ அனுப்பியபோதும் அவருக்கு ‘நாம்’ அறிவித்தது இதுதான் என்று பன்மையில் ஓடும் வாக்கியம், ‘என்னை’த் தவிர இறைவன் இல்லை, ‘என்னையே’ வணங்குங்கள் என்று ஒருமையில் முடிகிறது. மூசாவை (மோசேயை) எரியும் நெருப்பருகே அழைக்கும் 20:14இலும் ‘நான்’தான். வணங்குவோரைப் பற்றிக் கதையாகச் சொல்லும்போது 21:73இல் ‘நமக்கு’ என்று வருவதுண்டு. ஆனால் என்னை வணங்கு என்று நேரே கட்டளையிடும் இடத்தில் பன்மை வருவதில்லை. அடியான் கேட்டால் நான் அருகில் இருக்கிறேன் என்னும் 2:186உம் ஒருமை. ஆற்றலைச் சொல்ல ‘நாம்’, உறவைச் சொல்ல ‘நான்’.

இன்னும் சுவையானது, மனிதனைப் படைக்கும் அதே காட்சி. 2:30இல் அல்லாஹ் மலக்குகள் எனப்படும் வானவர்களிடம் பூமியில் பிரதிநிதியை ஏற்படுத்தப்போகும் முடிவை ஒருமையில் அறிவிக்கிறான். பன்மையில் பேசுவது எதிரே நிற்கும் மலக்குகள். இரத்தம் சிந்துபவனையா அமர்த்தப்போகிறாய், நாங்கள் உன்னைத் துதித்துக்கொண்டிருக்கிறோமே என்கிறார்கள். 15:26இல் படைத்த செயலைச் சொல்லும்போதோ ‘நாம் படைத்தோம்’ என்று பன்மை. இரண்டு வசனம் தள்ளி, 15:28இல் அந்த முடிவை மலக்குகளிடம் சொல்லும்போது மறுபடி ஒருமை. சாத்தானாகிய இப்லீஸைக் கண்டிக்கும் 38:75 போல் செயலும் ஒருமையில் வரும் இடங்கள் உண்டு என்றாலும், பொதுப்போக்கு ஆதியாகமத்துக்கு நேர் எதிர். அங்கே ஆலோசனை பன்மை, செயல் ஒருமை. இங்கே முடிவு ஒருமை, செயல் பன்மை. ரபிகள் கட்டிய தூதர் சபைக் காட்சியைக் குர்ஆன் கிட்டத்தட்ட அப்படியே மேடையேற்றுகிறது. பிரதிப்பெயர்களை மட்டும் இடம் மாற்றி வைக்கிறது.

இஸ்லாமிய அறிஞர்களுக்கும் ‘மரியாதை’ என்ற ஒற்றைச் சொல் போதவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இப்னு தைமிய்யா, ஏவலர் சூழ்ந்த அரசன் அவர்கள் மூலம் செய்ததையும் ‘நாம் செய்தோம்’ என்பான் என்ற அரபு வழக்கைக் காட்டினார். மனிதனின் பிடரி நரம்பைவிட நாம் அவனுக்கு அருகில் இருக்கிறோம் என்ற 50:16இல், அருகில் இருப்பது அல்லாஹ்வின் மலக்குகள் என்று விளக்கினார். அவர் வழிவந்த இப்னு கஸீரும் அப்படியே. பங்காளி வேறு, ஏவலாள் வேறு என்பது இவர்களின் கோடு. இலக்கிய நோக்கில் பார்த்தவர்கள், நாம், நான், அவன் என்று இடம் மாறுவதை ‘இல்திஃபாத்’ என்ற அணியாக எண்ணினார்கள். ஒரே போக்கில் கேட்டுச் சலித்த செவியை இது எழுப்புகிறது என்றார் 12ஆம் நூற்றாண்டின் ஸமக்ஷரி. 108ஆம் அத்தியாயத்தில் உமக்கு நாம் தந்தோம் என்று தொடங்கி, எனவே உம் இறைவனைத் தொழும் என்று படர்க்கைக்குத் தாவுவது இதற்கு நல்ல சான்று. இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கவிதையில் ‘நாங்கள்’ என்பது குலத்தின் வீறு பேசும் சொல்லாக இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தக்லிப் குலத்து அம்ர் இப்னு குல்தூமின் நெடுங்கவிதை முழுக்க அந்த மிடுக்குத்தான். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பன்மை எண்ணிக்கையாகப் பட்டிருக்காது, அதிகாரமாகப் பட்டிருக்கும்.

எண்ணிக்கைக்கும் பன்மைக்கும் முடிச்சுப் போடுபவர்கள் வடமொழிப் பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். தன்னைச் சொல்லும் ஒருவர் விரும்பினால் பன்மை பேசலாம் என்று பாணினி 1.2.59இல் விதியே தந்திருக்கிறார். அப்படியும் கீதையில் கண்ணன் தன் இறைமையை ‘அஹம்’ என்ற ஒருமையில் சொல்கிறான். தெய்வங்களுக்குக் குறைவில்லாத மரபில் கடவுள் ‘நான்’ என்கிறார்; ஒருவரே என்று அடித்துச் சொல்லும் மரபில் ‘நாம்’ என்கிறார்.

எபிரேயத்துக்கும் அரபுக்கும் கேட்பவரைச் சேர்த்த ‘நாம்’ வேறு, சேர்க்காத ‘நாங்கள்’ வேறு என்ற பாகுபாடு கிடையாது. தமிழுக்கு உண்டு. அதனால் தமிழில் பெயர்த்தவர்கள் விளக்கவுரையாளர் ஒத்திப்போட்ட கேள்விக்கு அங்கேயே விடை எழுத வேண்டியதாயிற்று. வேதாகமத்திலும் ‘நாம்’ என்றார்கள். அது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, எதிரே ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அப்துல் ஹமீது பாகவி முதலானோர் குர்ஆனிலும் ‘நாம்’ என்றே எழுதினார்கள். அது தஞ்சைக் கல்வெட்டின் ‘நாம்’, எதிரே இருப்பவனுக்கு அதில் பங்கில்லை. ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தால் இறைவன் ஒருவனே என்ற தவ்ஹீதே ஆட்டம் கண்டிருக்கும். மலக்குகள் பேசும் இடங்களுக்குத்தான் ‘நாங்கள்’ போயிற்று. கடவுளைப் பற்றிப் பேசும்போது இது அப்படியே புரள்கிறது. வேதாகமத்தில் பெரும்பாலும் ‘நான்’ என்று பேசும் தேவனைத் தமிழ்க் கிறிஸ்தவர் ‘அவர்’ என்றும் ‘நீர்’ என்றும் சொல்கிறார். குர்ஆனில் ‘நாம்’ என்று பேசும் அல்லாஹ்வைத் தமிழ் முஸ்லிம் ‘அவன்’ என்றும் ‘நீ’ என்றும் சொல்கிறார். மரியாதைக்காகக் கூட அவன்மேல் பன்மை ஏறக் கூடாது என்ற கவனம். 23:99இல், சாவு நெருங்கியவன் உலகுக்குத் தன்னைத் திருப்பி அனுப்பும்படி இறைவனிடம் கெஞ்சும்போது, அரபில் அந்த ஏவல் வினை பன்மையாக இருக்கிறது. இறைவனை உயர்த்தி விளித்தான் என்று சில உரைகாரர்களும், பதற்றத்தில் மலக்குகளை நோக்கித் திரும்பிவிட்டான் என்று வேறு சிலரும் சொன்னார்கள். தமிழ்ப் பெயர்ப்புகளில் அந்த மனிதன் ‘நீ’ என்ற ஒருமையில்தான் கெஞ்சுகிறான்.